பீதுருதாலகாலயின் நிழலில்: லயத்துக் கூரைக்கு எந்த அன்டெனா?

இலங்கையின் தரைவழித் தொலைக்காட்சியை டிஜிட்டலுக்கு மாற்றும் திட்டத்துக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. 2014 மே மாதம் ஜப்பானிய முறையான ஐஎஸ்டிபி-டி தெரிவு செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது, சுமார் 13.7 பில்லியன் யென் கடனுக்கு இணக்கம் ஏற்பட்டது. பிறகு ஆட்சிகள் மாறின, திட்டம் இழுபட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதோடு ஜப்பானியக் கடனில் நடந்த வேலைகளும் நின்றன. 2024 ஜூலையில் ஜெய்கா மீண்டும் தொடங்குவதாக அறிவித்த 11 திட்டங்களில் தொலைக்காட்சித் திட்டமும் இருந்தது.

கொழும்பில் இதைப் பற்றிப் பேசுபவர்கள் அலைக்கற்றை, முதலீடு, தெளிவான படம் என்று பேசுகிறார்கள். நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நான் கேட்ட கேள்வி வேறு. "அன்டெனா வாங்கினால் படம் வருமா? எந்த அன்டெனா வாங்குவது?" சாதாரண வீட்டுச் சாமான் பற்றிய கேள்விதான். ஆனால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் போனால் மலையின் அமைப்பு, மொழி, மண்சரிவு எச்சரிக்கை, தோட்டக் காணியின் உரிமை என்று எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைச் சொல்லும் முயற்சி.

கோபுரத்தின் கீழே இருள்

நாட்டின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகால. உயரம் 2,524 மீற்றர். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஜப்பானிய உதவியோடு கட்டப்பட்ட பிரதான பரப்புக் கோபுரம் இந்த மலையின் உச்சியில்தான் நின்றது. தீவின் பெரும்பகுதிக்கு ஒரே இடத்திலிருந்து படம் அனுப்ப இதைவிட நல்ல இடம் இல்லை. போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த அந்த உச்சிக்கு நெடுங்காலம் பொதுமக்கள் போக முடியவில்லை.

நானுஓயா சுமார் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பீதுருதாலகால உச்சிக்கு நேர்கோட்டில் பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. காகிதத்தில் பார்த்தால் நாட்டிலேயே படம் மிகத் தெளிவாக வரவேண்டிய இடங்களில் ஒன்று. ஆனால் தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய வெளிச்சம் போலவே நேராகச் செல்பவை. நடுவே ஒரு மலைமுகடு எழுந்தால் அதன் மறுபக்கம் நிழல். மேட்டில் இருக்கும் லயத்துக்குத் துல்லியமான படம் கிடைக்கும். அதற்கு இருநூறு மீற்றர் கீழே, ஓடையோரத்தில் இருக்கும் லயத்துக்குப் புள்ளிபுள்ளியான வெள்ளைத்திரைதான். கோபுரத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சமவெளியில் படம் நன்றாக வருவதும், காலடியில் இருக்கும் பள்ளத்தில் வராததும் இதனால்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். துரைமாரின் பங்களாக்கள் காற்றும் காட்சியும் கிடைக்கும் மேட்டில். லயங்கள் பெரும்பாலும் தண்ணீருக்கும் தொழிற்சாலைக்கும் பக்கத்தில், தேயிலை நடுவதற்கு உதவாத பள்ளத்திலும் சரிவிலும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்த முடிவுதான் இன்று யார் வீட்டுக்குச் சிக்னல் வரும், யார் வீட்டுக்கு வராது என்பதையும் தீர்மானிக்கிறது. மண்சரிவு யார் வீட்டின் மேல் விழும் என்பதையும் பல இடங்களில் அதே முடிவுதான் தீர்மானித்தது.

வடக்குக்கும் இந்தக் கதை தெரியும்

வடக்கு, கிழக்கில் இருக்கும் வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றக்கூடாது. ரூபவாஹினியின் வடபகுதிப் பரப்பு நிலையம் ஏ-9 வீதியோரம் கொக்காவிலில் இருந்தது. அதைக் காவல் காத்த இராணுவ முகாம் 1990 ஜூலையில் புலிகளிடம் வீழ்ந்தது. புதிய கோபுரம் எழுந்தது 2011இல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, வன்னிக்கு அரச தொலைக்காட்சி என்பது தெற்கிலிருந்து எட்டிப்பார்க்கும் மங்கலான படமாகவே இருந்தது.

யாழ்ப்பாணத்தில் எண்பதுகளில் வீட்டுக் கூரைகளில் நின்ற உயரமான அன்டெனாக்கள் பல கொழும்பைப் பார்க்கவில்லை. கடலுக்கு அப்பால் தூர்தர்ஷனைப் பார்த்தன. பிறகு மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். எந்தப் பக்கம் ஷெல் விழுகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தாய்மொழியில் ஒரு செய்தி கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் இடையில் உயிர் இருந்தது. செய்தி என்பது பொழுதுபோக்கல்ல என்பதை அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறிய குடும்பங்களின் உறவுகள் இன்னும் இந்தத் தோட்டங்களில்தான் இருக்கின்றன. அங்கே ஷெல், இங்கே மண். இரண்டிலும் கேள்வி ஒன்றே: எச்சரிக்கை யார் மொழியில், எந்த வழியாக வந்தது?

டிஷ் தருவதும் தராததும்

இன்று தோட்டங்களில் நடந்தால் கூரைக்குக் கூரை டிஷ் இருக்கிறது. சில உள்ளூர் நிறுவனங்களுடையவை. பல இந்திய நிறுவனங்களின் டிஷ்கள். இலங்கையில் அவற்றுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை என்றாலும், டவுன் கடைகளில் ரீசார்ஜ் நடக்கிறது. மக்களைக் குறை சொல்ல முடியாது. அன்டெனாவில் படம் வராத பள்ளத்தில், தமிழில் நாடகமும் சினிமாவும் பாட்டும் வருகிறது என்றால் அதைத்தான் வாங்குவார்கள்.

ஆனால் இதன் விலையை மூன்று விதமாகக் கணக்கிட வேண்டும்.

முதலாவது, பணம். அன்டெனாவுக்கு ஒருமுறை செலவு, டிஷ்ஷுக்கு மாதாமாதம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ரூபாயாக்கி, அரசு 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு சேர்க்கும் என்று அறிவிக்கப்பட்டது. மழைக்காலத்தில் வேலைநாள் குறையும்போது முதலில் வெட்டப்படுவது ரீசார்ஜ்தான். அதாவது, ஆபத்து கூடிய காலத்தில் திரை இருண்டு கிடக்கிறது.

இரண்டாவது, உள்ளடக்கம். இந்திய டிஷ் வழியாக வருவது தமிழ்நாட்டின் செய்தி. சென்னையில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று லயத்தில் தெரியும். நுவரெலியா மாவட்டத்தில் எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை என்பது அதில் வராது. தமிழில் உள்ளூர்ச் செய்தி தருபவை நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற இலங்கை அலைவரிசைகள். அவற்றை மாதக் கட்டணமின்றி எடுக்கக்கூடிய ஒரே வழி தரைவழி அன்டெனா.

மூன்றாவது, மழை. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. டிஷ் பிடிக்கும் அலைகள் 11, 12 கிகாஹேர்ட்ஸ் அளவில் இருப்பவை. கடும் மழையின் நீர்த்துளிகள் அவற்றை விழுங்கிவிடும். கொட்டும் மழையில் டிஷ் படம் நின்றுபோவது எல்லோரும் கண்ட அனுபவம். தரைவழித் தொலைக்காட்சி இயங்கும் விஎச்எஃப், யுஎச்எஃப் அலைகளை மழையும் மூடுபனியும் அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. ஆக, எச்சரிக்கை மிகவும் தேவைப்படும் அந்த மணித்தியாலங்களில் டிஷ் கைவிடும். சரியாகப் பொருத்திய அன்டெனா கைவிடாது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, அது மக்களை நகர்த்தும் வழியில் போய்ச் சேரவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. தமிழில் எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதும் எழுந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர்.

"எல்லாரிடமும் போன் இருக்கிறதே" என்பது உடனே வரும் பதில். போன் தேவைதான். ஆனால் தொலைபேசிக் கோபுரங்கள் மின்சாரத்தையும் ஃபைபர் இணைப்பையும் நம்பி இருப்பவை. புயலில் ஊருக்கு ஊர் அவை செயலிழந்ததை டித்வா காட்டியது. தொலைக்காட்சிக்கும் மின்சாரம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறிய டிவியை மோட்டார் பற்றரியிலோ சோலாரிலோ ஓட்டலாம். உயர்ந்த மலையில் ஜெனரேட்டரோடு இருக்கும் ஒரு கோபுரம் இயங்கினால் போதும், ஆயிரம் லயங்களுக்குச் செய்தி போகும். எந்த ஒரு வழியையும் மட்டும் நம்பக்கூடாது என்பதுதான் போர் கற்றுத்தந்த பாடம்.

அப்படியானால் எந்த அன்டெனா?

இனி வீட்டுக்காரரின் கேள்விக்கு வருவோம். நானுஓயா, ரதெல்ல, கிரேட் வெஸ்டர்ன் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது கடைக்குப் போவதல்ல. வாசலில் நின்று பார்ப்பது. நானுஓயாவுக்கு பீதுருதாலகால வடக்குக்கும் வடகிழக்குக்கும் இடையில் இருக்கிறது. வானம் தெளிந்த காலையில் கூரை மட்டத்திலிருந்து உச்சிக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தால் பிரச்சினை அநேகமாக முடிந்தது. சாதாரண, சிறிய வெளிப்புற அன்டெனாவே போதும். பூஸ்டர் வேண்டாம். இவ்வளவு பக்கத்தில் சக்திவாய்ந்த கோபுரம் இருக்கும்போது பூஸ்டர் போட்டால் சிக்னல் அளவுக்கு மீறி, படம் கெட்டுப்போகும்.

கோபுரம் தெரியாவிட்டால்தான் தேர்வு முக்கியமாகிறது. அப்போது வேண்டியது மீன்முள்ளு போல நீண்ட தண்டும் குறுக்குக் கம்பிகளும் உள்ள யாகி அன்டெனா. 1926இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் உருவாக்கியது. நூறு ஆண்டுகளாகியும் கூரையில் அதை வெல்ல மலிவான சாமான் வரவில்லை. குறுக்குக் கம்பிகள் கூடக்கூட அது ஒரு பக்கத்தை மட்டும் கூர்மையாகப் பார்க்கும். மலைப்பகுதியில் இந்தக் கூர்மைதான் முக்கியம். எதிர்மலைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் சற்றுத் தாமதித்து வந்து சேர்வதால்தான் ஒரு ஆளுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் ஆள் தெரியும் இரட்டைப் படம் உண்டாகிறது. கூர்மையான அன்டெனா பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வருவதைத் தள்ளிவிடும்.

கம்பிகளின் நீளத்தைப் பாருங்கள். சுமார் 75 சென்ரிமீற்றர் நீளக் கம்பிகள் 200 மெகாஹேர்ட்ஸ் அளவிலான விஎச்எஃப் அலைகளுக்கு. 25 சென்ரிமீற்றர் அளவில் உள்ள குட்டைக் கம்பிகள் யுஎச்எஃப் அலைகளுக்கு. குட்டைக் கம்பி மட்டும் உள்ள அன்டெனாவை வாங்கிவிட்டு விஎச்எஃப்பில் வரும் அலைவரிசை தெரியவில்லை என்று பலர் கவலைப்படுகிறார்கள். அனலாக் தொடரும் இன்றைய நிலையில் இரண்டும் சேர்ந்த அன்டெனாதான் உபயோகம். இன்னொன்று, எல்லா அலைவரிசைகளும் ஒரே மலையிலிருந்து வருவதில்லை. அரச அலைவரிசைக்குத் திருப்பிய அன்டெனாவில் தனியார் அலைவரிசை மங்கலாகத் தெரிந்தால், பழுது அன்டெனாவில் இல்லாமலும் இருக்கலாம்.

கடையில் சொல்லப்படும் சில வார்த்தைகளை நம்ப வேண்டியதில்லை. "டிஜிட்டல் அன்டெனா" என்று தனியாக ஒன்றும் கிடையாது. அலையைப் பிடிக்கும் கம்பிக்கு அதற்குள் இருப்பது அனலாக்கா டிஜிட்டலா என்று தெரியாது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் "இத்தனை கிலோமீற்றர்" என்ற கணக்குக்கும் மலையில் பொருள் இல்லை. நடுவே ஒரு முகடு இருந்தால் ஐந்து கிலோமீற்றரும் தூரம்தான். ரிமோட்டில் சுற்றும் சிறிய அன்டெனாக்கள் பார்க்க அழகாக இருக்கும். காற்றடிக்கும் மலையில் அவற்றின் மோட்டார் நெடுநாள் உழைப்பதில்லை. வீட்டுக்குள் வைக்கும் மேசை அன்டெனா தகரக் கூரையின் கீழ் அநேகமாகப் பயனற்றது. தகரம் அலையை உள்ளே விடாது.

பொருத்தும் இடம் அன்டெனாவின் விலையைவிட முக்கியமானது. ஒரு சிறிய டிவியைக் கையில் எடுத்துக்கொண்டு, அன்டெனாவைக் கழியில் கட்டி, கூரையின் இரு முனைகளிலும் முற்றத்திலும் மேலே உள்ள மேட்டிலும் பிடித்துப் பார்த்த பிறகே குழாயை நட வேண்டும். நிழலின் விளிம்பில் உள்ள இடங்களில் இரண்டு மூன்று மீற்றர் தள்ளினாலே படம் மாறும். முன்னால் டர்பன்டைன் மரங்கள் அடர்ந்திருந்தால், மழையில் நனைந்த இலைகள் யுஎச்எஃப் அலைகளை உறிஞ்சும். அந்த நேர்கோட்டைத் தவிர்க்கப் பாருங்கள். நேர்ப்பாதை முற்றாக மறைந்த சில லயங்களில் அன்டெனாவைக் கோபுரத்துக்கு எதிர்ப்பக்க மலையை நோக்கித் திருப்பி வைப்பார்கள். பார்ப்பவர் சிரிக்கலாம், ஆனால் அது சரியான வேலை. அந்த மலைமுகத்தில் பட்டுத் தெறிக்கும் அலைதான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே அலை.

வயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பழைய தட்டை வயரை விட்டு ஆர்ஜி-6 வட்ட கேபிள் போடுங்கள். அந்த நல்ல கேபிளிலும் யுஎச்எஃப் சிக்னல் 20 மீற்றர் ஓடினால் பாதிக்கு மேல் போய்விடும். அதனால் பூஸ்டர் தேவைப்படும் இடத்தில் அதை டிவிக்குப் பக்கத்தில் வைப்பதில் பலனில்லை. அன்டெனாவின் அடியிலேயே வைக்க வேண்டும். பூஸ்டர் வந்த சிக்னலைப் பெருக்கும், வராத சிக்னலை உண்டாக்காது. கேபிள் மூட்டுகளில் மழைநீர் இறங்காதபடி சுற்றிக் கட்டுவது மலையில் கட்டாயம்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. இரும்புக் குழாயை நிமிர்த்தும்போது அது சரிந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நில்லுங்கள். குழாயைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்தில் இறக்கிய எர்த் கம்பியோடு இணையுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி முழங்கத் தொடங்கும்போது டிவியிலிருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

டிஜிட்டல் வந்தால் என்ன ஆகும்?

இவ்வளவும் இன்றைய அனலாக்குக்கு. நாளை டிஜிட்டல் வரும்போது ஒரு நன்மையும் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது.

நன்மை, இரட்டைப் படம் போய்விடும். மலையில் பட்டுத் தாமதித்து வரும் அலைகளைத் தாங்கும்படிதான் ஐஎஸ்டிபி-டி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரே யுஎச்எஃப் அலைவழியில் பல அலைவரிசைகளை அனுப்பலாம் என்பதால், ஒரு கோபுரத்தை நோக்கிய ஒரு அன்டெனாவிலேயே எல்லாத் தமிழ் அலைவரிசைகளும் கிடைக்க வழி உண்டு.

ஆபத்து, மங்கலான படம் என்று ஒன்று இனி இருக்காது. அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளிகள் கூடும். ஆனாலும் முகம் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் ஒரு எல்லை வரை படம் கண்ணாடி போல் இருக்கும்; எல்லைக்குக் கீழே போனால் படமும் இல்லை, குரலும் இல்லை. இன்று வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே செய்தி கேட்கும் பள்ளத்து லயங்கள், அனலாக் நிறுத்தப்படும் நாளில் மொத்தமாக இருண்டு போகக்கூடும். கொழும்பில் நகர மக்களுக்கு முன்னேற்றமாக வரும் ஒரு மாற்றம், இங்கே இருந்ததையும் பறிப்பதாக முடியலாம்.

மலைநாடான ஜப்பானுக்கே இந்தப் பிரச்சினை வந்தது. அங்கே பெரும்பாலான பகுதிகளில் 2011 ஜூலை 24ஆம் திகதி அனலாக் நிறுத்தப்பட்டது. சுனாமியால் பாதிக்கப்பட்ட மூன்று மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது. பள்ளத்தாக்குகளுக்குச் சிறிய துணைக் கோபுரங்களும் பொது அன்டெனாக்களும் அமைத்தார்கள். அப்படியும் எட்டாத வீடுகளுக்கு 2015 மார்ச் வரை செயற்கைக்கோள் வழியாகத் தற்காலிகமாகப் படம் கொடுத்தார்கள். வறிய குடும்பங்களுக்கு டியூனர் பெட்டி இலவசமாகத் தரப்பட்டது. நமக்குத் தொழில்நுட்பத்தையும் கடனையும் தரும் நாடு, தன் மக்களுக்கு இவற்றையெல்லாம் செய்த பிறகுதான் பழைய ஒளிபரப்பை நிறுத்தியது.

அதே தொழில்நுட்பத்தின் இன்னொரு வடிவத்தை எடுத்துக்கொண்ட பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போனது. டிவி விட்டுக்கொடுத்த 700 மெகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையை 2014இல் தொலைபேசி நிறுவனங்களுக்கு ஏலம் விட்டபோது, மாற்றத்துக்கான செலவை அந்த நிறுவனங்களே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அரச உதவி பெறும் வறிய குடும்பங்களுக்கு டிஜிட்டல் பெட்டியோடு அன்டெனாவும் சேர்த்து இலவசமாகக் கொடுக்கப்பட்டது. பெட்டியை மட்டும் கொடுத்தால் போதாது, கூரையில் அன்டெனா இல்லாவிட்டால் பெட்டி பொம்மைதான் என்பதை அவர்கள் புரிந்திருந்தார்கள்.

இலங்கையிலும் டிவி காலிசெய்யும் அலைக்கற்றைக்கு விலை இருக்கிறது. அந்தப் பணத்தில் முதல் பங்கு யாருக்கு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது புதிய டிவி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. "டிஜிட்டல் டியூனர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் ஐரோப்பிய டிவிபி-டி2 டியூனராக இருக்கும். இலங்கை தெரிவு செய்திருப்பது ஐஎஸ்டிபி-டி. இரண்டும் ஒன்றையொன்று படிக்காது. நாளை எப்படியும் தனிப்பெட்டி தேவைப்படும். நல்ல அன்டெனாவுக்கும் நல்ல கேபிளுக்கும் இன்று செலவழிக்கும் பணம் அப்படி வீணாகாது. யுஎச்எஃப் பகுதி நாளைக்கும் உதவும்.

ஒரு லயத்துக்கு ஒரு அன்டெனா

பன்னிரண்டு காம்பரா லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்காரரும் தனித்தனியாகக் குழாய் நட்டு, கேபிள் இழுத்து, பூஸ்டர் வாங்குவதைவிட, மேட்டில் ஒரே ஒரு நல்ல அன்டெனாவை நட்டு அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் கேபிள் பிரித்துக் கொடுப்பது மலிவு. படமும் தெளிவாக இருக்கும்.

இது புதிய யோசனையல்ல. அமெரிக்காவில் கேபிள் டிவி பிறந்ததே இப்படித்தான். பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்ட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த பள்ளத்தாக்கு ஊர். மலை மறைத்ததால் பிலடெல்பியாவிலிருந்து வந்த படம் ஊருக்குள் இறங்கவில்லை. 1950இல் ராபர்ட் டார்ல்டன் என்ற வானொலிக் கடைக்காரரும் நண்பர்களும் மலையுச்சியில் ஒரு அன்டெனாவை நட்டு, கேபிளை ஊருக்குள் இறக்கி வீடு வீடாகக் கொடுத்தார்கள். சுரங்கத் தொழிலாளரின் பள்ளத்துக்குச் சரிவந்தது, தேயிலைத் தொழிலாளரின் பள்ளத்துக்கும் சரிவரும்.

ஆனால் இங்கே ஒரு தடை உண்டு. அது தொழில்நுட்பத் தடையல்ல. மேடு யாருடையது? தோட்டக் காணி அரசுடையது. 1992க்குப் பிறகு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்குப் போனது. ஐந்து தலைமுறையாக அங்கே வாழும் குடும்பத்துக்குத் தன் தலைக்கு மேலிருக்கும் தகரத்திலேயே சட்டப்படி உரிமை இல்லை. தேயிலை மலைக்கு நடுவே ஒரு குழாய் நட, ஐம்பது மீற்றர் கேபிள் புதைக்க, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காணி உரிமை என்ற பெரிய கேள்வி எவ்வளவு சிறிய விடயங்களில் வந்து முட்டுகிறது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

கேட்க வேண்டியவை

இந்தத் திட்டம் இன்னும் முடிந்துபோகவில்லை. அனலாக் ஒளிபரப்பு தொடர்கிறது. இப்போதே கேட்டால் சேர்க்கலாம். கோபுரங்கள் எழுந்த பிறகு கேட்டால், அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்பார்கள். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் சிவில் அமைப்புகளும் முன்வைக்க வேண்டியவை என நான் நினைப்பவை இவை.

ஒன்று, எந்தெந்தத் தோட்டப் பிரிவுகள் நிழலில் இருக்கின்றன என்பதைக் கணினி வரைபடத்தால் மட்டும் முடிவு செய்யாமல், லயம் லயமாக அளந்து, அந்த விபரத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். நிழல் பள்ளங்களுக்குத் துணைக் கோபுரமோ பொது அன்டெனாவோ தயாராகும் வரை அந்தப் பகுதியில் அனலாக்கை நிறுத்தக்கூடாது.

இரண்டு, வறிய குடும்பங்களுக்குப் பெட்டியும் அன்டெனாவும் சேர்த்து இலவசமாக வேண்டும். பொது அன்டெனாவுக்கான இடத்தை மறுக்க முடியாதபடி தோட்டக் கம்பனிகளுக்கு அரசு பணிப்புரை வழங்க வேண்டும்.

மூன்று, எச்சரிக்கை. ஐஎஸ்டிபி-டி முறையில், உறங்கு நிலையில் இருக்கும் டிவியையோ பெட்டியையோ கோபுரத்திலிருந்தே எழுப்பி அவசர எச்சரிக்கை காட்டும் வசதி உண்டு. ஜப்பானிலும் பெருவிலும் பிலிப்பைன்ஸிலும் அது பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வாங்கும் பெட்டியில் அந்த வசதி இருந்தால்தான் அது வேலை செய்யும். விலையைக் குறைக்க அதை நீக்கிவிட்ட பெட்டிகளை இறக்குமதி செய்ய அனுமதிக்கக்கூடாது. திரையில் ஓடும் எச்சரிக்கை, சிங்களத்தில் வந்து அரை மணித்தியாலம் கழித்துத் தமிழில் வருவதாக இல்லாமல், இரு மொழிகளிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும்.

வீட்டுக்காரரின் கேள்விக்கு என் பதில் இதுதான். கோபுரம் தெரிந்தால் சிறிய அன்டெனா. தெரியாவிட்டால் விஎச்எஃப்பும் யுஎச்எஃப்பும் சேர்ந்த நீளமான யாகி, ஆர்ஜி-6 கேபிள், சரியான எர்த். அதற்கும் எட்டாவிட்டால் லயத்துக்குப் பொதுவாக மேட்டில் ஒன்று. அந்த மேட்டுக்கும் எட்டாத பள்ளங்கள் உண்டு. அங்கே கடையில் வாங்கக்கூடிய அன்டெனா எதுவும் உதவாது; துணைக் கோபுரம்தான் வேண்டும். அதை அரசிடம்தான் கேட்டு வாங்க முடியும்.